நேற்று மாலை ஐந்து மணிக்கு 13.4

பட்டம் வாங்காத டாக்டர், என் கணவர் இக்னேஷியஸ் அவர்களுக்கு,

எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து என் சோற்றைக் கரண்டியால் அளக்கிறீர்கள். "கூட ஒரு வாய் சாப்பிட்டாலும் பிள்ளைக்கு ஆபத்து லா" என்று ஞாயிற்றுக்கிழமை என் அம்மா முன்னாலேயே பாடம் எடுத்தீர்கள்.

இன்று காலை விரலைக் குத்திய பிறகு சர்க்கரை மீட்டரில் பழைய ரீடிங்கைப் பார்த்தேன். நேற்று மாலை ஐந்து மணிக்கு 13.4. எட்டைத் தாண்டினாலே அதிகம். அந்நேரம் நான் பெட்டாலிங் ஜெயா ஆபீசில் இருந்தேன். வீட்டில் இருந்தது நீங்களும் மீட்டரும்தான்.

நாளை காலை எட்டு மணிக்கு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இரவு பத்துக்கு மேல் வெறும் தண்ணீர்தான். மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

ஜெரால்டின்

பி.கு.: இனிப்புக் கெட்டிப்பால் டின்னை ஆபீசுக்கு எடுத்துப்போகிறேன். தேட வேண்டாம்.

இன்னொன்று: பயந்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. நாளைக்கு லீவு போட்டுவிட்டேன். நர்ஸ் ஊசியை எடுக்கும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நம் இருவரில் யார் கர்ப்பிணி என்று அவர் குழம்பட்டும்.