மத்தி மெலியும் மாதம்

என் ஆசை அஞ்சலைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனால் எழுதுவது நான்தான், உன் புருஷன்தான். நீ கண்ணை மூடிய பிறகு நூலகத்து முதியோர் வகுப்பில் சேர்ந்தேன், எட்டு மாதம் ஆகிறது. பஸ்ஸில் ராயபுரம் போவதற்குள் வழியிலிருக்கும் கடைப் பெயர்களை எல்லாம் சத்தமாக வாசித்து, பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பேஜாராக்கிவிடுகிறேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இந்தக் கடிதத்தை வகுப்புச் சுவரில் ஒட்டப் போகிறார்களாம். ஒட்டட்டும். நான் கோபமாக இருக்கிறேன், அதை நாலு பேர் படிக்க வேண்டும்.

நம் தேவி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். ஐந்தாம் மாதம். போன செவ்வாய்க்கிழமை அவளோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அதே பெஞ்சு. எதிர்ச் சுவரில் அதே சார்ட்டு. பிள்ளைத்தாய்ச்சிகள் என்ன சாப்பிட வேண்டும் என்று படம் போட்டது. மத்தி மீன், வாரம் இரண்டு முறை.

ஞாபகம் இருக்கிறதா? தேவிக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, நர்சம்மா அதைக் காட்டி மத்தி கொடுக்கச் சொன்னார். நீ ஆயுசு முழுக்கக் காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்றவள். சும்மா இருப்பாயா?

“இந்த மாசம் மத்தி முட்டை வுட்டுட்டு மெலிஞ்சி கீதும்மா. கல்லுல போட்டா ஒட்டிக்குது. மழை முடிஞ்சி வர்ற மத்தின்னா சொட்டு எண்ணெ ஊத்த வாணாம், அதும் கொழுப்புலயே அது வேவும். அப்போ துன்னாத்தான் சத்து. இப்போதிக்கு வேற மீனு சொல்லும்மா.”

“சார்ட்ல மத்தின்னுதான் போட்டிருக்கு. நீ இன்னா டாக்டரா?”

பெஞ்சே சிரித்தது. நான் என்ன செய்தேன்? துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அச்சடித்த எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கைநாட்டு வைத்துப் பழகியவன். உன்னைத்தான் அதட்டினேன்.

“வாய மூடிக்கினு குந்து. படிச்சவங்களுக்குத் தெரியாததா உனுக்குத் தெரிஞ்சிடுச்சி?”

வெளியே வந்ததும் நீ ஒன்றே ஒன்று கேட்டாய். “யோவ், மத்தி இன்னா பேப்பரப் படிச்சிட்டா கொழுக்குது?”

அப்புறமும் வாரம் இரண்டு முறை நானே மத்தி வாங்கி வந்தேன். சக்கையாக இருந்ததைத் தேவி முழுங்கினாள். நீ கல்லிலிருந்து சுரண்டிச் சுரண்டிப் போட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை டோக்கன் வரும்வரை அந்தச் சார்ட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி. “மீனின் கொழுப்புச் சத்து பருவத்துக்குப் பருவம் மாறுபடும்.” மூன்று முறை படித்தேன்.

“இன்னா நைனா, மொணமொணன்னுகினு கீற?” என்றாள் தேவி. அவளுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு முறை படித்தேன்.

நீ சொன்னதேதான், அஞ்சலை. அன்றைக்கும் நம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது. உனக்கும் எனக்கும் படிக்கத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியுமே? உன்னைக் கேலி செய்வதற்கு முன்னால் தலையைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் என்ன?

இப்போது இருப்பது வேறு நர்சு, சின்னப் பெண். அந்த வரியைக் காட்டிக் கேட்டேன்.

“அடியில இருக்கறதெல்லாம் யாரு தாத்தா படிக்கறாங்க?”

“நான் படிச்சேம்மா.”

“சரி சரி. அடுத்த டோக்கன்.”

தேவியின் சீட்டில் மறுபடியும் மத்தி. இதுவும் அதே மெலிந்த பருவம். கல்லில் போட்டுப் பார்த்தேன், தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. வேறு எதை வாங்குவது? எந்த மாதம் எந்த மீன் என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய், நான் எங்கே காது கொடுத்தேன்? உன் பக்கத்தில் கூடை வைத்திருந்தாளே கன்னியம்மா, அவளிடம் போய் நின்றேன். “வூட்லயே ஒருத்தி இருந்தப்போ கேக்கல, இப்போ வந்துட்டாரு” என்று சொல்லிக்கொண்டே பொறுக்கிக் கொடுத்தாள்.

நர்சம்மா மேல் இருக்கும் கோபம் என்றைக்காவது ஆறிவிடும். உன்னை வாயை மூடச் சொன்னவன் தினமும் என் பாயிலேயே படுத்து எழுந்திருக்கிறான். அவனை என்ன செய்ய?

வரும் செவ்வாய்க்கிழமையும் பிள்ளைத்தாய்ச்சிகள் வரும் நாள். தேவிக்கு வேலை இல்லாவிட்டாலும் நான் போவேன். பெஞ்சு நிறைந்ததும் எழுந்து நின்று, அந்த வரியைச் சத்தமாகப் படிப்பேன். இதை முன்னாலேயே சொன்னவள் என் பெண்டாட்டி அஞ்சலை, இதே இடத்தில் அவள் வாயை அடைத்தவன் நான் என்று சொல்வேன். சிரிக்கிறவர்கள் இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். சொன்னேனா இல்லையா என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய
உன் வீட்டுக்காரன்,
துரைசாமி