அப்பாவின் இஞ்சினும் என் கண்ணாடி சிரிஞ்சும்

மட்டாஞ்சேரி
2-8-1998

அன்பு மகள் ஷீஜாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே மழைக்கும் குறைவில்லை, கொசுவுக்கும் குறைவில்லை, உன் அப்பாவின் வாய்க்கும் குறைவில்லை, மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் வாடாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன். குட்டிக்குத் தலை நின்றுவிட்டதா? குளிப்பாட்டியதும் ஏசிக்கு நேரே கிடத்தாதே. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கப்பைக் கிழங்கை விட்டுவிட்டேன், அதாவது வாரத்தில் ஒரு நாள்தான். தமிழ் படிப்பது மறந்திருந்தால் எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி, இதில் பெரிய சமாச்சாரம் இருக்கிறது.

அப்பாவின் கண்ணில் புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது, நீயும் போனில் சண்டை போட்டாய். மனுஷர் அசைந்தால்தானே. முதலில் இஞ்சின் ஓடட்டும், அப்புறம் கண் என்று ஒரே பிடிவாதம். தோப்பும்படியில் முப்பது வருஷம் மீன்பிடி போட்டுகளின் டீசல் இஞ்சினோடு மல்லுக்கட்டியது போதாதென்று, ஓய்வு பெற்ற பிறகு சுள்ளிக்கல்லில் லேத் பட்டறை வைத்திருக்கும் சஜியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, உள்ளங்கையில் அடங்குகிற பெட்ரோல் இஞ்சின் ஒன்று செய்திருக்கிறார். அதற்கு எல்லோரையும் போலப் பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடுகிற கார்புரேட்டர் வைத்தால் கௌரவக் குறைச்சலாம். கடுகில் பாதி பெட்ரோலை அளந்து, நேரம் பார்த்துப் பீய்ச்ச வேண்டுமாம். அத்தனை சின்ன பம்பு எந்தக் கடையில் கிடைக்கும்? என் அலமாரியில் கிடைத்தது. நான் பிளாஸ்டிக் ஊசிக்கு மாறியதும் எடுத்து வைத்திருந்த பழைய கண்ணாடி இன்சுலின் சிரிஞ்சைப் பம்பாக்கிவிட்டார், அதன் ஊசிதான் பெட்ரோல் பீய்ச்சுகிற துவாரம். கேட்டதற்கு, நீ குத்திக்கிட்டது போதும், இனி இஞ்சினுக்குக் குத்தட்டும் என்கிறார்.

குத்தினார், ஆனால் அது இரண்டு முறை படபடவென்று இருமிவிட்டு நின்றுவிடும். ஆறு தடவை பிரித்து மாட்டினார்கள். துவாரம் சரியில்லை என்று அப்பா சஜியைத் திட்ட, ஆசானே, அது ஊசிக் கம்பெனிக்காரன் போட்ட துவாரமாக்கும், எனக்கு ஏச்சு எதுக்கு என்று அவன் முறுக்கிக்கொண்டு நான்கு நாளாக வரவில்லை. அவனுக்கும் லேத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது.

நேற்றுக் காலை அவர் தனியாக மல்லாடிக்கொண்டிருந்தபோது சாயா கொடுக்கப் போனேன். சிரிஞ்சின் கண்ணாடிக்குள் மிளகு அளவில் ஒரு காற்றுக் குமிழ் நிற்கிறது. தினமும் குத்திக்கொள்வதற்கு முன்னால் நான் பார்த்துத் தட்டுகிற அதே குமிழ். காற்று நிற்கிறதே என்றேன். எங்கடீ என்றார். இதோ என்று விரல் வைத்துக் காட்டினேன். மூக்கு முட்டுகிற வரை குனிந்தார். அவருக்குத் தெரியவில்லை ஷீஜா. பைப்பில் காற்று வைத்துக்கொண்டு கடலுக்குப் போவாயா, நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிடாதா என்று எத்தனை போட்டுக்காரர்களைத் திட்டியிருப்பார், இப்போது சிரிஞ்சைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வீம்பு பிடிப்பார் என்று அடக்கிக்கொண்டு, சிரிஞ்சை நிமிர்த்தி நகத்தால் இரண்டு சுண்டு சுண்டி, ஊசி முனையில் ஒரு சொட்டு வரும் வரை தள்ளிக் கொடுத்தேன். சக்கரத்தைச் சுழற்றினார். என்ன சத்தம்! அடுக்களையில் பாத்திரமெல்லாம் கிடுகிடுத்தது, பூனை மதில் தாண்டி ஓடியது, யாரோ சொல்லி சஜி சைக்கிளில் பறந்து வந்து, கோபத்தையெல்லாம் மறந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெட்ரோல் தீரும் வரை ஓடியது.

நின்றதும், ஆஸ்பத்திரியில் நாள் குறிச்சுட்டு வா என்று அவராகவே சொன்னார். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார். நீ அனுப்பிய குட்டியின் போட்டோவை, மூக்கைப் பார், அப்படியே என் மூக்கு என்று தெருவெல்லாம் காட்டித் திரிந்தாரே, அதில சத்தியமா நான் ஒண்ணும் கண்டதில்ல, வெள்ளையா ஒரு துணி மாதிரிதான் இருந்துச்சு, பிள்ளை வருத்தப்படும்னு சொல்லி வச்சேன் என்றார். இப்போது அந்தப் போட்டோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் பையில் முதல் ஆளாக எடுத்து வைத்திருக்கிறார்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். வெள்ளிக்கிழமை காலையில் கட்டு அவிழ்ப்பார்களாம், அன்று சாயங்காலம் சஜி பட்டறைக்குப் போன் போட மறக்காதே. குட்டிக்கு இருப்பது அவர் மூக்கல்ல, இந்த அம்மாவின் மூக்கு என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அவரே பார்த்துச் சொல்லட்டும்.

உன் அம்மா,
ஒச்சம்மாள் செல்லதுரை