வடக்குச் சுவரோரம் முந்நூறு செடிகள்

நவம்பர் 18

வடக்குச் சுவரோரச் செடிகள் மஞ்சளடிக்கின்றன. வெயில் எட்டிப் பார்க்காத இடம். புல் போட்டு இரண்டு முறை தோற்றிருக்கிறார்கள். இந்தக் குடியிருப்பின் தோட்ட மேற்பார்வைக்கு வந்ததும் நான் முதலில் எழுதிக் கொடுத்த யோசனை இது: நிழலையும் குளிரையும் தாங்கி, தரையோடு படரும் செடி. முந்நூறு நாற்று. தாவரவியல் பட்டம் வாங்கியவள் ஆயிற்றே; 'பல்லாண்டு வாழும்' என்று பலகையும் நானே எழுதி நட்டேன். தோட்டக்கார அண்ணன் படித்துவிட்டு, "செடிக்கும் டிகிரி குடுத்தாச்சா?" என்றார். அன்றிலிருந்து என் பெயரே டிகிரி.

டிசம்பர் 9

ஒரு பச்சை இலை இல்லை. முந்நூறும் சருகு. தண்ணீர்க் குழாய் சுருட்டி மாட்டியபடி கிடக்கிறது. அண்ணனிடம் கேட்டேன்.

"நான்தான் நிறுத்திட்டேன். அது தூங்குது டிகிரி. இப்ப தண்ணி ஊத்தினா வேர் அழுகிடும். குளிர் போகட்டும், தானா எந்திரிக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 11

குடியிருப்புச் சங்கச் செயலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். "உன் யோசனைதானேம்மா? என்ன ஆச்சு?"

ஜனவரியில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். யாரோ பேசுவது மாதிரி என் குரல் கேட்டது: "அண்ணன் தண்ணி விடல சார்."

பொய் இல்லைதானே? விடவில்லைதானே?

எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஏன் நிறுத்தினார் என்பதை எழுதவில்லை. கையெழுத்து அழகாக விழுந்திருந்தது.

டிசம்பர் 13

அண்ணனைக் கீழ்த்தளத்தில் குப்பைத் தொட்டி தள்ளும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். லிஃப்ட் வாசலில் எதிர்ப்பட்டார். தொட்டியைத் தள்ளியபடி கடந்து போனார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 5

நிரந்தரம். அம்மா, தான் இஸ்திரி போடும் கடை முழுக்கச் சொல்லிவிட்டாள். "என் பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தான் அங்க வேலையே நடக்கும்!"

நடந்தது அம்மா. நடந்தது. நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய கை.

பிப்ரவரி 20, வெள்ளி

திங்கட்கிழமை வடக்குச் சுவரோரத்தில் கல் பாவப் போகிறார்கள். அளந்து கொடுக்கப் போனேன். குச்சி நட மண்ணைக் கிளறினால் — உள்ளே வெள்ளையாக வேர்த்தண்டு. நுனியில் அரிசி அளவு மொட்டு. அடுத்த செடியிலும். அதற்கடுத்ததிலும்.

உறக்கநிலை. மூன்றாம் ஆண்டுத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதினேனே! கண்ணெதிரே கிடந்தபோது தெரியவில்லை. சொன்னவரையும் நம்பவில்லை.

மண்ணை மூடிவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21

சொல்லவில்லை.

பிப்ரவரி 23

கல் லாரி வந்து நின்ற பிறகுதான் என் கால் நகர்ந்தது. செயலாளர் அறைக்குப் போனேன்.

"செடி சாகல சார். அண்ணன் அப்பவே எங்கிட்ட சொன்னாரு. நான் அத மறைச்சு எழுதிட்டேன்."

"அட விடும்மா. அவனுக்கு எங்க வேலை பாத்தாலும் ஒரே சம்பளம்தானே."

விட முடியவில்லை. பழைய அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதன் அடியிலேயே உண்மையை எழுதினேன். எழுத்தெல்லாம் கோணல். படித்துவிட்டு, "அப்ப கமிட்டில உன்னைப் பத்தியும் பேச வேண்டியிருக்கும்" என்றார். தலையாட்டினேன்.

லாரி திரும்பிப் போனது.

மார்ச் 17

சுவரோரம் முழுக்கப் பச்சை. பலகையின் கால் மறைந்துவிட்டது. எனக்கு மறுபடி ஆறு மாதம் தற்காலிகம். அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அந்த ஆளுகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணன் தோட்டத்துக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். இன்று போனேன். குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

முடிக்கும்வரை கேட்டார். பிறகு குழாயின் முனையைக் கையில் பிடித்தபடி, "இப்ப தண்ணி விடலாங்களா, மேடம்?" என்றார்.