சுகிர்தாவின் வலது கண்

திருத்தங்கல்,
கார்த்திகை 7, ஞாயிறு.

அன்பு மகள் பிரீத்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி தன்யாவும் அதுபோலவே இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் எழுதி முடிக்க இந்தத் தடவை கை வரவில்லை. போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குத் தபால் என்று நினைப்பாய். போனில் நீ என்னை முழுசாகச் சொல்ல விடமாட்டாய், நானும் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன். தாள் என்றால் நிறுத்த முடியாது.

உன் தங்கச்சி சுகிர்தாவோடு நீ பேசி இரண்டு மாதமாகிறது. கடைசியாக நீ அவளை ஏசியது என் காதில் இன்னும் இருக்கிறது. படிச்ச பிள்ளைதானே, கண்ணுக்கு மேல கொண்டு போய் லேசர வைக்கிறவளுக்கு அறிவு எங்க போச்சு என்று கேட்டாய். அவள் பதில் பேசாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நானும் பதில் பேசவில்லை. இப்போது பேசுகிறேன், கேட்டுக்கொள். அதைக் கண்ணுக்கு மேல் வைத்தது அவள் இல்லை. நான்தான்.

சாத்தூர்க்காரர்கள் ஆனி மாதம் பெண் பார்க்க வந்தது உனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துக்கொண்டே, பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, மூஞ்சியிலதான் ரோமம் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது, கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிருங்க என்று சொன்னார்கள். சுகிர்தா சிரித்தபடி நின்றாள், உள்ளே வந்து முகத்தைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினாள். இதை உன்னிடம் சொன்னபோது நீ, இதுக்குப் போயா மருகுறீங்க, நான் வச்சிருக்க முடி எடுக்கிற லேசர் மெஷினைக் கொடுத்து விடுறேன், வீட்ல வச்சே பண்ணிக்கலாம், பவர் ரொம்பக் கம்மிம்மா, டார்ச் லைட்டு மாதிரி என்றாய். உங்கள் மெல்போர்னிலிருந்து லீவில் வந்த மணிகண்டராஜ் கையில் கொடுத்தும் விட்டாய். எடை கூடும் என்று பெட்டியை எடுத்துவிட்டு, துணியில் சுற்றி. அதோடு வந்த புத்தகமும் கண்ணில் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடியும் பெட்டியிலேயே உன் வீட்டு அலமாரியில் நின்றுவிட்டன. எல்லாம் முடிந்த பிறகுதான் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாய், இந்தா கிடக்கு என்று.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அவளே உதட்டுக்கு மேலும் தாடையிலும் வைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. புரட்டாசி பிறந்த வாரம் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, புருவத்துக்குக் கீழேயும் முடி இருக்கிறது, அதையும் எடுத்துவிடலாம் என்றேன். கண்ணு கிட்டயாம்மா, வேண்டாம்மா என்றாள். மூடிக்கிட்டா என்ன செய்யும், சும்மா இரு என்றேன். தோலில் அழுந்தப் பட்டால்தான் அது வேலை செய்யும், அதனால் வலது இமையை இழுத்துப் பிடித்து வைத்து அழுத்தினேன். மூன்றாவது தடவை, சிவப்பாப் பளிச்சுனு உள்ள அடிக்குதும்மா என்றாள். இன்னும் ரெண்டே ரெண்டுதான் என்று சொல்லி அந்த இரண்டையும் வைத்தேன். உன் அப்பா போர்மேனாக இருக்கும் பட்டாசு கம்பெனியில் வாசலிலேயே சட்டைப் பையைத் தடவி, தீப்பெட்டி இல்லை என்று பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு நெருப்பு என்றால் பயம் தெரியும். புகையும் சத்தமும் இல்லாத ஒன்று என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலமே கண் சிவந்து தண்ணீராகக் கொட்டியது, வெளிச்சம் பட்டால் துடித்தாள். சூடு என்று சொல்லி விளக்கெண்ணெய் வைத்து இரண்டு நாளைப் பாழாக்கினேன், அதுவும் நான்தான். மூன்றாம் நாள் மதுரைக்குக் கூட்டிப்போனோம். அந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்கு உள்ளே வெந்து புண்ணாகியிருக்கிறது என்றார்கள். கண்ணை மூடித்தான் வைத்தோம் என்றேன். இமை இந்த வெளிச்சத்துக்குத் திரையே இல்லம்மா, ஊடுருவிப் போயிரும், பவர் கம்மின்னு சொல்றது தோலுக்குத்தான், கண்ணுக்கு இல்ல, கண்ணாடி போட்டாலுமே புருவத்துக்கிட்ட கொண்டு போகக் கூடாது என்றார்கள். யார் வைத்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் சுகிர்தா, நானே கண்ணாடியப் பாத்து வச்சுக்கிட்டேன் டாக்டர் என்றாள். நான் மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடிய வாய்தான்.

வலி இப்போது இல்லை. ஆனால் கண்ணுக்கு நடுவில் இருக்கும் பாப்பா வட்டமாக இல்லை, மேல் பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது, வெளிச்சத்துக்குச் சுருங்க மாட்டேன் என்கிறது. அது இனிமேல் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் காலண்டர் சீசன் நடக்கிறது. அச்சான தாளைப் பார்த்த உடனே மஞ்சளில் சிவப்பு கூடிவிட்டது என்று சொல்கிற பிள்ளை, கலர் சரிபார்க்கிற அந்த வெள்ளை லைட்டுக்கு அடியில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை. அங்கேயே தாள் மடிக்கிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள். தீபாவளி அன்றைக்கு ஊரே வெளியே நிற்க, இவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். சாத்தூர்க்காரர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான்கு நாள் கழித்து ஜாதகம் ஒத்து வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனி மாதம் ஒத்து வந்த ஜாதகம்.

போன வெள்ளிக்கிழமை உன் அப்பா சாப்பிட உட்காரும்போது மறுபடியும் அவளை அறிவு கெட்டவ என்றார். என்னால் தாங்க முடியவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். ரெண்டு மாசமா அந்தப் பிள்ளைய நான் ஏச ஏச நீ பாத்துக்கிட்டா இருந்த என்று ஒன்றுதான் கேட்டார். அதற்கப்புறம் என்னோடு பேச்சு இல்லை. சுகிர்தாவுக்கும் என்மேல் கோபம்தான், ஏம்மா சொன்ன, நான் சொன்னது அப்படியே இருந்துட்டுப் போயிருக்கும்ல, இப்ப அப்பாகிட்ட உனக்கும் பேரு போச்சு என்றாள். ஆமாம் போச்சு, போகட்டும்.

உன்மேல் பழி போடுவதற்கு இதை எழுதவில்லை. எழுதவில்லை என்று சொன்னாலும் அந்தக் கறுப்புக் கண்ணாடி என் மனதை விட்டுப் போகவில்லை பிரீத்தி. கால் கிலோ எடை இருக்குமா அது? உன் பங்கை நீ வைத்துக்கொள், என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன், அவளுக்கு அதில் பங்கில்லை. இன்னொன்று. போன மாதம் வீடியோவில் மாப்பிள்ளை பேனா மாதிரி ஒன்றை வைத்துச் சுவரில் சிவப்புப் பொட்டு அடித்து தன்யாவுக்கு விளையாட்டுக் காட்டினார். அந்தப் பிள்ளை அதைப் பிடுங்கித் தன் முகத்துப் பக்கம் திருப்பியது, நீங்கள் சிரித்தீர்கள். இன்றைக்கே அதை வாங்கி எறியச் சொல். மாமியார் சொன்னதாகவே சொல்.

அவளுக்கு இப்போதும் சொட்டு மருந்து உண்டு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். அந்தக் கண்ணைப் பயமில்லாமல் அகலத் திறந்து எனக்குக் காட்டுகிறாள். நான்தான் பார்வையை நகர்த்திவிடுகிறேன். முதல் சொட்டு எப்போதும் கன்னத்தில்தான் விழுகிறது, அதைத் துடைத்துக்கொண்டு, இன்னொண்ணு ஊத்தும்மா என்கிறாள்.

நீயும் உன் குடும்பமும் தீர்க்காயுசாக, கண்ணும் கையும் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுகிர்தாவுக்கு லீவு. அவள் போனுக்கே அடி, என் போனுக்கு வேண்டாம். மன்னிப்பு கேட்டுவிட்டுப் பிறகு மற்றதைப் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. சுப்புலட்சுமி