காலிங் பெல் பொத்தான் வைத்த ஒத்துப்பெட்டி

என் ஆசை அண்ணனுக்கு,

உனக்குச் செய்துகொடுத்த சத்தியத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைய ஆட்கள் முன்னால் மீறிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

நீ போன பிறகு உன் மதிப்பு ஏறிவிட்டது. மியூசியத்தில் மூன்று நாள் உனக்கு விழா. வாசலில் ஆள் உயரத்துக்கு உன் படம், கீழே 'மின்னணு இசைக்கருவிகளின் முன்னோடி' என்று மூன்று மொழியில் எழுத்து. மாட்டுங்கா ரேடியோ கடையில் மத்தியானச் சோற்றைக்கூட மறந்து குனிந்து கிடந்தவனுக்கு வந்த வாழ்வைப் பார்! ஆனால் படத்தில் சட்டையின் மேல் பட்டன் இல்லை. வேறு படமே கிடைக்கவில்லையா என்று உன் மகனிடம் கேட்டேன். "அப்பா எல்லா ஃபோட்டோலயும் அப்டித்தான் இருக்காரு அத்தை" என்றான். அதுவும் சரிதான்.

உள்ளே நீ செய்த பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். முதலில், நாயனத்துக்குப் பின்னால் ஒலிக்கும் நம் ஒத்துப்பெட்டி. தேயிலைப் பெட்டிப் பலகை, பழைய ரேடியோ ஸ்பீக்கர், தலையில் அந்த வெள்ளைக் காலிங் பெல் பொத்தான். பார்த்ததும் அழுதுவிட்டேன், போ. பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் அட்டையை உன் மகன் எனக்குத் தமிழில் சொன்னான். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடுமாம். அது தொடக்ககால வடிவமைப்பின் குறைபாடாம். இரண்டாம் பெட்டியில் சரிசெய்யப்பட்டதாம்.

"யாருல இத எழுதுனது?"

"நான்தான் அத்தை சொன்னேன். அப்பாவே சொல்லிருக்காரே, மொதப் பெட்டில மிஸ்டேக் ஆயிருச்சுன்னு."

பெற்ற மகனிடம்கூட நீ சொல்லவில்லையா அண்ணே?

அந்த அறுபதுகளின் தாராவியை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அப்பாவின் இருமல்தான். நாயனக்காரர் சுடலைமுத்து மாமாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கன்னத்தில் காற்றைத் தேக்கி, ஒரே சுரத்தை விடாமல் ஊதும் ஒத்துக்காரர் அவர். நாயனம் எங்கே சுற்றினாலும் திரும்பி வந்து சேர அந்த ஒரு சுரம் நிற்க வேண்டும். இரைப்பு வந்த பிறகும் அவர் ஊதுவதை விடவில்லை. கோயில் கொடைவிழா முடிந்து வந்தால் நாலு நாள் சுவரில் சாய்ந்தே தூங்குவார். அதைப் பார்க்க முடியாமல்தான் நீ பெட்டி செய்தாய். சுவிட்சைத் தட்டினால் போதும், ஒத்து தானாகக் கேட்கும். அன்றைக்கு நம் வீட்டில் பாயசம்.

செம்பூர்க் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமா வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, இனிமே நீங்க எதுக்கு அலையணும்? வீட்ல ரெஸ்ட் எடுங்க. தம்பி பெட்டிய மட்டும் குடுத்தா போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பாவும் "சரிடே" என்றார். பிறகு ஒத்துக்குழலை ஒரு துண்டில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். உன் முகத்தை நான் பார்த்தேன். செய்தது மூச்சை மிச்சப்படுத்த. போனது ஆளின் இடம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நீ பெட்டியைக் கழற்றினாய். நல்ல சுவிட்சைப் பிடுங்கிவிட்டுக் காலிங் பெல் பொத்தானைப் பற்றவைத்தாய். நான் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்ததும், "ஏட்டி, அப்பாகிட்ட மூச்சு விட்றாத. யார்ட்டயும் சொல்லிராத. சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினாய்.

மறுநாள் மாமா பொத்தானைப் பார்த்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாமே என்று கேட்டதும், "அய்யோ மாமா, சூடேறிப் புகைஞ்சிரும். சுரம் லேசா நழுவும்போதே விட்டு அமுக்கணும். ஒத்து ஊதுன காதுக்குத்தான் அது தெரியும்" என்று கூசாமல் புளுகினாயே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா கிளம்பிய வேகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை கொடை! ஒருநாள் ஆண்டாப் ஹில்லில் அவருக்கு இருமல் வந்து விரல் தவறியதும் ஒத்து நின்றுபோனது. நாயனமும் நின்று மாமா திரும்பிப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து, "நான் இல்லன்னா கச்சேரியே நின்னுரும்ல, பாத்துக்கோ" என்று உன்னிடம் பீற்றிக்கொண்டார். நீ நிமிராமல் ஏதோ கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாய்.

படுக்கையில் விழுந்த பிறகு அப்பா, "அடுத்த பெட்டிக்கு நல்ல சுவிட்சா வையில" என்றாரே, அது ஏன்? அவருக்குத் தெரிந்திருக்குமோ? கேட்க உனக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. அவர் போன மறுமாதம்தான் நீ இரண்டாம் பெட்டியைச் செய்தாய். அதைத்தான் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

விழாவின் கடைசி நாள் நம் பெட்டியோடு நாயனம் வாசிப்பதாக ஏற்பாடு. "அத்தை, ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்" என்றான் உன் மகன். நல்ல அண்ணன், பாசமான அண்ணன் என்று சொல்லிவிட்டு இறங்கத்தான் போனேன். மேடையில் பார்த்தால், பொத்தானை ஒரு க்ளிப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒத்து தன்னந்தனியாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. என்னால் முடியவில்லை அண்ணே. அந்தச் சுவிட்ச், மாமா, சுவரைப் பார்த்து உட்கார்ந்த அப்பா என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இது கொறை இல்ல. எங்கப்பா உக்கார எடம்" என்றேன்.

உன் மகன் மேடைக்கு வந்தான். க்ளிப்பை எடுத்துவிட்டுப் பொத்தானில் விரலை வைத்தான். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு, நாயனக்காரருக்கு ஒரு முழம் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வாசிப்பு முடியும்வரை விரலை எடுக்கவில்லை. இறங்கி வந்ததும் சிவந்துபோன விரலை என்னிடம் காட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

அட்டையை மாற்றச் சொல்லியிருக்கிறோம். மாற்றுவார்கள். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பழைய சத்தியத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று செய்கிறேன், கையை நீட்டு. இனி அந்தப் பெட்டி எங்கே ஒலித்தாலும் க்ளிப் கிடையாது. நம் வீட்டு விரல் ஒன்று அதன்மேல் இருக்கும். உன் மகன் வராத நாளில் நான் போவேன்.

இதை மீற மாட்டேன்.

ஒரே ஒரு முறை வாக்குத் தவறிய
உன் தங்கச்சி பேச்சி