ஜன்னலுக்குக் கீழே இருந்த இடம்

20 அக்., ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சர்ச்சுக்குப் போகவில்லை. போன வாரமும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

மேல் வீட்டுக்குப் புதுசாக ஆள் வந்தாயிற்று. கீழ்க்கட்டளையிலிருந்தாம். புருஷன், பெண்டாட்டி, பெண்டாட்டியின் அப்பா. அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். கிரில் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வேனில் வந்த சாமான் அரை மணியில் மேலே போய்விட்டது. இவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ. என் வீட்டில் இறக்க ஆரம்பித்தால் கிறிஸ்மஸ் வந்துவிடும்.

வாங்க: பால், பி.பி. மாத்திரை, கொசுவத்தி, கயிறு (பேப்பர் கட்ட).

சாமான் வந்த அட்டைப் பெட்டி ஒன்றை வாசலிலேயே போட்டுவிட்டார்கள். நல்ல பெட்டி. எடுத்து வந்துவிட்டேன்.

24 அக்., வியாழன்

வெயில். புழுக்கம்.

மோட்டார் ஸ்விட்ச் என் வீட்டு உள்பக்கம். அதனால் மேல் வீட்டுப் பெண் வந்தாள். பெயர் கவிதா. கிண்டியில் ஆபீஸ். தாம்பரத்தில் ரயிலேறிப் போகிறாள்.

"அங்கிள், தண்ணி வரல. மோட்டார் கொஞ்சம் போடுறீங்களா?"

கதவை ஒரு சாண் திறந்து, "போடுறேன், நீ போம்மா" என்றேன். அந்த ஒரு சாணிலேயே அவள் கண் உள்ளே போய்விட்டுத் திரும்பியது. தெரியாதா எனக்கு? கதவுக்குப் பின்னாலேயே பேப்பர்க் கட்டுகள். அதன்மேல் கழுவிக் கவிழ்த்த தயிர் டப்பாக்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள். ஹாலில் நடக்க ஒரே வழி. அதிலும் பக்கவாட்டில்தான் நடக்கலாம். எனக்குப் பழகிவிட்டது.

என் பெண்டாட்டி விமலா உயிரோடு இருந்தவரை எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று அவள்தான் சொல்வாள். பழைய பேப்பர்காரனோடு அவள் போடுகிற சண்டை மாடம்பாக்கம் முழுக்கக் கேட்கும். இப்போது எனக்கு யார் சொல்வது? இந்த வீட்டிலிருந்து கடைசியாக வெளியே போனது அவள்தான். அதற்கப்புறம் ஒன்றையும் அனுப்ப மனசு வரவில்லை. தயிர் டப்பாவைக்கூட. பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

31 அக்., வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தம், புகை. ஜன்னலைத் திறக்க முடியாது என்பதால் புகை உள்ளே வரவில்லை. அதுவும் ஒரு லாபம்.

கவிதா எவர்சில்வர் டப்பாவில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்தாள். கிரில் வழியாகவே வாங்கிக்கொண்டேன். அதிரசம் பிரமாதம். டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. போட்டுக் கொடுக்க இங்கே என்ன இருக்கிறது? நாளைக்குப் பார்க்கலாம்.

அவள் அப்பா பகலெல்லாம் இருமுகிறார். கட்டில் என் ஹாலுக்கு நேர் மேலே போலிருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது கொஞ்ச நேரம் இருமல் கேட்காவிட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

4 நவ., திங்கள்

டப்பாவைக் காணோம். அரை நாள் தேடினேன். டப்பாக்களுக்கு நடுவில் டப்பாவைத் தேடுகிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல. கிடைத்தது விமலாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு. உள்ளே கண்ணாடி இல்லை. மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதற்குமேல் தேடவில்லை.

மாலை கவிதா படியில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் பை தோளிலேயே.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குது அங்கிள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு ஒரே அடம். மேல போகவே பயமா இருக்கு."

"ஆவி புடிக்கச் சொல்லு" என்றேன். மூச்சு வாங்குகிற மனுஷனுக்கு ஆவி! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனாள். ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். நாற்காலி இருக்கிறது. அதன்மேல் பழைய காலண்டர்கள் இருக்கின்றன.

9 நவ., சனி

மழை. மேலே சத்தமே இல்லை. நேற்று ஆம்புலன்சில் கொண்டு போனார்கள். கவிதாவின் புருஷன் செந்தில் மோட்டார் போடச் சொல்ல வந்தபோது விசாரித்தேன். "ஐ.சி.யூ.ல இருக்காரு சார். பார்க்கலாம்" என்றான்.

முகம்கூடச் சரியாகப் பார்க்காத மனுஷனுக்காக ஜெபம் பண்ணினேன். பழக்கம் விட்டுப்போய் வார்த்தை வரவில்லை. "பாத்துக்கோங்க ஆண்டவரே" என்று முடித்துக்கொண்டேன்.

ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

13 நவ., புதன்

பெரியவர் போய்விட்டார். ஹால் காலி. முதுகு உடைகிறது. மீதி நாளைக்கு.

14 நவ., வியாழன்

மழை விட்டிருக்கிறது. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலையில் செந்தில் கதவைத் தட்டினான். தொப்பலாக நனைந்திருந்தான். மாமனார் விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார். கவிதாவின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வர மதியமாகும். அதுவரை எங்கேயாவது வைக்க வேண்டும். இவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். மேல் வீட்டு ஓனர் போனில் கறாராகச் சொல்லிவிட்டானாம்: "பாடியை மேல கொண்டு போகாதீங்க. சாவு விழுந்த வீடுன்னா அப்புறம் யாரு குடிவருவாங்க?" கீழே கார் நிறுத்துகிற இடத்திலோ மழைத் தண்ணீர். என் வீடு சொந்த வீடு. படி வைத்து மேடாகக் கட்டியது.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க ஹால்ல ஒரு நாலஞ்சு மணி நேரம்..."

"இடமில்லப்பா."

"தெரியும் சார். நாங்களே எடுத்து ஒதுக்கிக்கறோம்."

"இடமில்லன்னு சொல்றேன்ல!" கதவைச் சாத்திவிட்டேன்.

சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றேன். வெளியே செந்தில் போனில் பேசியது கேட்டது. "ஆம்புலன்ஸ அங்கயே நிறுத்தி வை கவிதா. இல்ல... அவரும் முடியாதுன்னுட்டாரு. அழாதம்மா. நேரா சுடுகாட்டுக்கே போயிடலாம். தம்பிய அங்க வரச் சொல்லிடலாம்."

விமலாவை நான் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். இந்த ஹாலில்தான் படுக்க வைத்தோம். சர்ச்சிலிருந்து வந்து பாடினார்கள், தெருக்காரர்கள் வந்தார்கள், அவளோடு சண்டை போட்ட பேப்பர்காரன்கூட வந்து வாசலில் நின்றான். கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் ஒரு வீட்டு வாசலைக்கூடத் தாண்டாமல் தெருவிலிருந்தே போக வேண்டுமா? என் பேப்பருக்காகவா?

கதவைத் திறந்தேன். "செந்தில், ஆம்புலன்ஸ இங்க வரச் சொல்லு. முதல்ல வந்து இந்தக் கட்டைப் புடி."

அவனும் சிநேகிதர்கள் இரண்டு பேரும். படுக்கையறையில் கூரை வரை அடுக்கினோம். மிச்சத்தைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துத் தார்ப்பாய் போட்டோம். ஒருத்தன் தயிர் டப்பாக்களைப் பையோடு வீசினான். "டேய், தூக்கிப் போடாதடா!" என்று கத்தினேன்.

"சார், எல்லாம் காலி டப்பா சார்."

"எனக்குத் தெரியாதா? மெதுவா வை."

மெதுவாக வைத்தான்.

ஜன்னல் பக்கம் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்த ஆள் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரிய பிளக்கு எங்க சார் கீது?" என்றான். ஹாலில் பெரிய பிளக் ஒன்றுதான். ஜன்னலுக்குக் கீழே. விமலாவின் பெட்டிக்கும் அதில்தான் சொருகினார்கள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் ஒரு அட்டைப் பெட்டியை இழுத்து அங்கே வைத்தேன். அதுதான் முதல் பெட்டி. அப்புறம் அதன்மேல் இன்னொன்று. இந்த வீடு நிறைந்த கதை இவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எடுத்தபின் தரை தெரிந்தது. ஒரே தூசி. நானே மண்டியிட்டுத் துடைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

பெரியவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். நேற்றுத்தான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். ஒல்லி. காதில் நிறைய முடி. கவிதா கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அவருக்கா, விமலாவுக்கா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தம்பி வந்தபிறகு, சாயங்காலம் எடுத்தார்கள்.

தார்ப்பாய் விலகிப் பேப்பர் ஒரு கட்டு நனைந்து போயிற்று. அது வேறு வருத்தம்.

15 நவ., வெள்ளி

விடிந்ததும் இரண்டு பேப்பர்க் கட்டை உள்ளே இழுத்து வந்தேன். மூன்றாவதை எடுப்பதற்குள் கவிதாவும் அவள் அத்தையும் வந்துவிட்டார்கள். கையில் சின்ன விளக்கு, ஒரு சொம்புத் தண்ணீர். உடம்பு கிடந்த இடத்தில்தான் விளக்கு வைக்க வேண்டுமாம். பதினாறாம் நாள் காரியம் வரை தினமும் சாயங்காலம் ஏற்ற வேண்டுமாம்.

"நீங்க கிறிஸ்டியன். உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாம் அங்கிள்" என்றாள் கவிதா.

அத்தை விடவில்லை. "இடம் மாத்தி வைக்கக் கூடாதுடி."

ஒரு பகலுக்குத்தானே சரி என்றேன்? இனி தினமும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டுமா? இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால், "வைம்மா" என்றேன். இழுத்து வந்த இரண்டு கட்டும் திரும்ப வெளியே.

19 நவ., செவ்வாய்

விமலாவின் தங்கை மெர்சி போன். யார் வத்தி வைத்தார்களோ. "ஏன் அத்தான், நம்ம வீட்டுல விளக்கா? பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கரண்ட் போனா மெழுகுவத்தி ஏத்தறோம்ல? அப்படி நெனச்சுக்கோ."

"உங்ககிட்ட மனுஷன் பேச முடியாது" என்று வைத்துவிட்டாள். அக்கா செத்தபிறகு இந்த வாசலை மிதிக்காதவள். சரி, நியாயமாகச் சொன்னால் நான்தான் வர விடவில்லை.

கவிதா ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டாள். ரயிலிறங்கி, பஸ் பிடித்து, நேராக இங்கே வருகிறாள். விளக்கேற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருகிறாள். காலண்டர்களை எடுத்துவிட்டு நாற்காலியைப் போட்டேன். அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். நாற்காலியில் நான், துரை மாதிரி.

23 நவ., சனி

"ஆன்ட்டி எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள் கவிதா. போட்டோ படுக்கையறையில் எதற்கோ அடியில் இருக்கிறது. வாயால்தான் சொன்னேன். "குள்ளம். சத்தமாப் பேசுவா. இவ வாசல்ல நின்னா காய்கறிக்காரன் வேற தெருவுல திரும்பிடுவான்."

அடக்க மாட்டாமல் சிரித்தாள். செத்தவள் பேச்சை எடுத்தாலே எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். விமலாவை நினைத்து ஒருத்தர் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அவளும் சொன்னாள், அப்பா டி.வி. ரிமோட்டைத் தலையணைக்குள் ஒளித்து வைப்பாராம். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விளக்கு அணைகிறவரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

26 நவ., செவ்வாய்

கவிதா போன். ரயில் வழியில் நிற்கிறதாம். "அங்கிள், இன்னிக்கு ஒரு நாள் நீங்களே ஏத்திடுறீங்களா?"

தீப்பெட்டி தேடினேன். எண்ணெயைத் தரையில் கொட்டினேன். ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. ஏற்றிவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. "விமலா" என்றேன். சத்தமாக. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டது அவள் போனபின் இதுதான் முதல் தடவை.

28 நவ., வியாழன்

காரியம். மண்டபத்துக்குப் போய்வந்தேன். வடை, பாயசம். செந்தில் இலையருகே நின்று "இன்னும் கொஞ்சம் சார்" என்று உபசரித்தான்.

மாலையில் வந்து விளக்கை எடுத்துக்கொண்டார்கள். அத்தை தரையைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டாள். "பெரிய உபகாரம் பண்ணீங்க. இனிமே உங்களுக்கு எங்களால தொந்தரவு இல்ல."

சிரித்துத் தலையாட்டினேன். தொந்தரவு இல்லையாம்.

29 நவ., வெள்ளி

மேகமூட்டம். படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். கடைசியில் சமையலறையில் தள்ளினேன்.

கவிதா வருகிற நேரத்துக்குக் கதவைத் திறந்து வைத்தேன். பழக்கதோஷம். செருப்புச் சத்தம் வந்தது. நேராக மேலே போய்விட்டது. சரிதானே, இங்கே அவளுக்கு இனி என்ன வேலை? ஆனாலும் கதவை மூடவில்லை. கொசுதான் வந்தது.

30 நவ., சனி

நனைந்துபோன பேப்பர்க் கட்டை மட்டும் குப்பை வண்டியில் போட்டேன். வண்டி தெரு திரும்புகிறவரை நின்றேன். மற்றதெல்லாம் இன்னும் முடியாது. கேட்காதே விமலா.

மாலை சட்டை மாற்றிக்கொண்டு படியேறினேன். இத்தனை வருஷத்தில் மேலே போனதே இல்லை. என்ன விஷயம் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு காரணமும் அகப்படவில்லை. பாதியில் திரும்பிவிடப் பார்த்தேன். பெல்லை அடித்துவிட்டேன்.

கவிதா திறந்தாள். பயந்துபோனாள். "என்னாச்சு அங்கிள்? உடம்பு சரியில்லையா?"

சும்மாதான் வந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தனியா இருக்க முடியலம்மா" என்று வந்துவிட்டது.

கதவை முழுசாகத் திறந்தாள். "செருப்ப வெளிய விடாதீங்க அங்கிள், நாய் தூக்கிட்டுப் போயிடும். உள்ள விட்டுட்டு வாங்க" என்றாள்.