குப்பன் கொண்டுபோன பாட்டில்

இல்லை அம்மா, அந்தக் கருவியால் என் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஒரு சொட்டு வைத்தால், அகச்சிவப்பு ஒளியில் பார்த்து, அது எந்த ரசாயனம் என்று காட்டும். அவ்வளவுதான். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போனில் சொன்னால் பயப்படுவீர்கள் என்று இதை எழுதுகிறேன். நேற்று எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு வந்த டிரம்களில் ஒன்றில் லேபிள் கிழிந்திருந்தது. ஸ்டோர் குணாளன் அண்ணன் வழக்கம்போல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஸ்பிரிட்டும்மா. என் மூக்கு உன் மெஷினுக்கு அண்ணன்."

நான் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்தேன். திரையில் மெத்தனால் என்று வந்தது. குடித்தால் கண் போகும், உயிரும் போகும் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"ஐயோ, குடிக்கறதுக்கு லோடுமேன் குப்பன் பாட்டில்ல ஊத்திக்கினு பஸ் ஸ்டாப்புக்குப் பூட்டாம்மா!"

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். குப்பன் அப்போதுதான் மூடியைத் திருகினார். பிடுங்கினேன்.

"இன்னாம்மா, உனுக்கும் ஒரு கட்டிங்கா?"

விஷயத்தைச் சொன்னதும் அப்படியே கீழே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் போய்விட்டது. அவர் விடும்வரை நின்றேன். எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனை வைத்துவிடாதீர்கள். அடுப்பு மேடையில் வைத்துவிட்டுச் சமையுங்கள்.

ஷிப்ட் வேன் வந்துவிட்டது. பிறகு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். திரும்பிப் போய் மிச்ச டிரம்களைச் சோதித்தேன்.

கல்பனா